விசாரணைக்குப் போனவரை ‘கைது’ என்று போட்டால் என்ன செய்யலாம்?

வடசென்னையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளர். பராமரிப்பு நிதியில் ரூ.4.8 லட்சத்துக்குக் கணக்கு காட்டவில்லை என்று ஒரு வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். சிஎஸ்ஆர் ரசீது (எஃப்ஐஆர் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் ரசீது) போட்ட போலீசார், அண்ணனை ஒரு நாள் மதியம் வரச்சொல்லி, கணக்கு நோட்டுகளைப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு மாலையில் அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அவருடைய ஃபேஸ்புக் படத்தோடு ‘குடியிருப்போர் பணத்தைச் சுருட்டிய பொருளாளர் சிக்கினார்’ என்று தலைப்பு. உள்ளே, ‘ரூ.48 லட்சம் மோசடி செய்ததாகக் கூறப்படுகிறது; போலீசார் அவரைக் கைது செய்து விசாரித்து வருகின்றனர்’ என்று இருந்தது. அதே செய்தி இணையதளத்திலும் வந்தது. அலுவலகத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நிருபரிடம் போனில் கேட்டதற்கு, “போலீஸ் சொன்னதைத்தான் போட்டோம்” என்றாராம். ஐந்து வாரம் ஓடிவிட்டது. “பத்திரிகையின் லைசென்ஸை ரத்து செய்ய வைக்க முடியுமா? ‘கூறப்படுகிறது’ என்று போட்டிருப்பதால் கேஸ் நிற்காது என்கிறார்களே? ஒரு கோடி கேட்டு வழக்குப் போடலாம் என்கிறார் தெரிந்தவர். நான் அண்ணன் சார்பில் புகார் கொடுக்கலாமா, இல்லை, அம்மா சொல்கிறபடி பேசாமல் விட்டுவிடலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நாள் கணக்கு. நாளிதழ், வார இதழ் செய்திகள் மீது, பத்திரிகைகள் பற்றிய புகார்களை விசாரிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப, செய்தி வெளிவந்த நாளிலிருந்து இரண்டு மாதம்தான் கெடு. உங்களுக்கு மூன்று வாரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. கவுன்சிலுக்குப் போவதற்கு முன் ஆசிரியருக்கு எழுதி, அவர் பதில் சொல்ல அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே இதைப் படித்ததும் செய்ய வேண்டிய வேலை ஆசிரியருக்கான கடிதம். வழக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அடுத்த மாதம்கூட யோசிக்கலாம்.

கடிதம் அண்ணன் பெயரில், அண்ணன் கையெழுத்தோடு போகட்டும். அவதூறு வழக்கானாலும் பாதிக்கப்பட்டவர்தான் புகார்தாரர். அவர் மனம் உடைந்து வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தாள்களை நீங்கள் திரட்டிக் கொடுங்கள், வாசகத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். கையெழுத்தை மட்டும் அவர் போட்டால் போதும்.

எது பிழை, எது பிழை இல்லை

‘அந்தச் செய்தி முழுக்கப் பொய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் அந்த வாக்கியத்தோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனால் ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புகார் வந்தது உண்மை. போலீஸ் அழைத்தது உண்மை. பெயர், வயது, பகுதி சரி. வயதுவந்த ஒருவர் மீது புகார் வந்திருக்கிறது என்று பெயர் போட்டு எழுதுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சிறார்கள், பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதற்குத்தான் நேரடித் தடை உண்டு. படம் எடுத்தவரைக் கேட்காமல் ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்துப் போட்டது காப்புரிமைப் பிரச்சினைதான். இப்போது அதைக் கிளப்பினால் முக்கியமான புகார் நீர்த்துப்போகும்.

இவற்றைக் கழித்தால் நான்கு சொற்கள் மிஞ்சுகின்றன. உங்கள் பலம் அந்த நான்கில்தான்.

‘கைது’ என்பதை எளிதாகப் பொய் என்று காட்டலாம், ஏனென்றால் கைது தடயம் விடாமல் நடக்காது. கைதுக் குறிப்பு எழுதி அதில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-வது பிரிவுப்படி, கைதானவர்களின் பெயரும் குற்றத்தின் தன்மையும் காவல் நிலையத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். நிருபர் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். காவல் துறைக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட) மனு போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த சிஎஸ்ஆர் எண்ணில் எஃப்ஐஆர் பதிவாகியிருக்கிறதா, குறிப்பிட்ட தேதியில் இந்தப் பெயரில் கைது உண்டா? பத்து ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். பதில் வரும்வரை கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். சிஎஸ்ஆர் ரசீது நகலோடு இப்போதே அனுப்பிவிட்டு, ஆர்டிஐ பதிலைப் பிறகு சேர்க்கலாம்.

அடுத்தது ‘48 லட்சம்’. புகார் மனுவிலேயே 4.8 லட்சம்தான் இருக்கிறது என்றால் விவாதத்துக்கே இடமில்லை. போனில் எண் சொல்லும்போது புள்ளி விழுந்துபோவது செய்திப் பிரிவில் அடிக்கடி நடக்கிற பிழை. ‘நான்கு லட்சத்து எண்பதாயிரம்’ என்று எழுத்தால் கேட்டு எழுதினால் தவிர்த்துவிடலாம். சாதாரணத் தட்டச்சுப் பிழைதானே என்று அவர்கள் சொல்லக்கூடும். தொகை பத்து மடங்கானால் படிப்பவர் மனத்தில் குற்றமும் அந்த அளவுக்கு வளர்ந்துவிடும் என்பதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

மூன்றாவது, ‘சுருட்டிய’. இதைத்தான் நான் மிகக் கடுமையான பிழை என்பேன். ‘சுருட்டிய பொருளாளர்’ என்று எழுதும்போது செயல் நடந்து முடிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. ‘சுருட்டியதாகப் புகார்’ என்றால் சொன்னவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். பிரஸ் கவுன்சிலின் இதழியல் நடத்தை நெறிகள் இதைப் பற்றியே பேசுகின்றன: தலைப்பு, கீழே உள்ள செய்திக்குப் பொருந்த வேண்டும், குற்றச்சாட்டைத் தாங்கிய தலைப்பு, அதைச் சொன்னது யார் என்று காட்ட வேண்டும், அல்லது குறைந்தபட்சம் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். உங்கள் அண்ணனைப் பற்றிய தலைப்பில் இரண்டும் இல்லை. கடிதத்தில் இந்த நெறியைக் குறிப்பிடுங்கள்.

நான்காவது, ‘சிக்கினார்’. புகார், சிஎஸ்ஆர், எஃப்ஐஆர், ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ், கைது, ரிமாண்ட், குற்றப்பத்திரிகை, நீதிமன்ற விசாரணை, தீர்ப்பு என்று போகும் படிகளில் ‘சிக்கினார்’ என்பதற்குப் படியே இல்லை. ஓடியவரைப் பிடித்த தோற்றத்தை அது தருகிறது. அழைத்ததும் தானாக நடந்துபோனவரை அப்படிச் சொல்வது தகாது.

தலைப்பை நிருபர் எழுதியிருக்க வாய்ப்பு குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிருபர் அனுப்பியதை டெஸ்க்கில் உள்ள உதவி ஆசிரியர்தான் பக்கத்தின் இடத்துக்கு ஏற்பச் சுருக்கித் தலைப்பு வைப்பார், அதுவும் பக்கம் முடிக்கிற கடைசி நேர அவசரத்தில். இடம் இல்லை என்பது பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். ‘குடியிருப்பு நிதி: பொருளாளர் மீது புகார்’ என்ற தலைப்பு அவர்கள் போட்டதைவிடச் சின்னது. ஆகவே நிருபரோடு போனில் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அவருக்கு அந்தத் தலைப்பை மாற்றும் அதிகாரமும் இராது.

‘கூறப்படுகிறது’ காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இன்னொருவர் சொன்ன அவதூறை எடுத்து வெளியிடுகிறவரும் வெளியிட்டவரே. யாரும் சொல்லாத ‘48 லட்ச’த்தின் பக்கத்தில் ‘கூறப்படுகிறது’ என்று போட்டால் அது இன்னும் மோசம். மேலும் அந்தச் சொல் தொகையோடு மட்டும் ஒட்டியிருக்கிறது. ‘கைது செய்து’ என்பதும் ‘சுருட்டிய’ என்பதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் நிற்கின்றன.

“போலீஸ் சொன்னதைத்தான் போட்டோம்” என்பதை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். காவல் துறை எழுத்தில் வெளியிட்ட பிரஸ் நோட்டில் ‘கைது’ என்று இருந்திருந்தால், நல்லெண்ணத்தோடு வெளியிட்டோம் என்ற வாதம் அவர்களுக்குக் கிடைக்கும். நிலையத்தில் யாரோ வாய்வழியாகச் சொன்னது என்றால் அந்த வாதம் மிகவும் பலவீனம். நீதிமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடுவதற்குச் சட்டம் தனி விலக்கு தருகிறது. காவல் நிலையப் பேச்சுக்கு அப்படி விலக்கு கிடையாது. கடிதத்தில் ‘எந்த எழுத்து ஆதாரத்தின் பேரில் கைது என்று வெளியிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பின்னால் உதவும்.

இன்னொரு இடர்ப்பாடு. நீதிமன்றம் தலைப்பை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்க்காது. செய்தி முழுவதையும் சேர்த்தே படிக்கும். தலைப்பை மட்டும் படிக்கிறவர்களை வைத்து வழக்கு நடத்த முடியாது என்று அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1995-ல் சொன்னது. தலைப்பு மட்டும் முரடாக இருந்து, உள்ளே எல்லாம் சரியாக இருந்திருந்தால் உங்கள் நிலை பலவீனமாக இருந்திருக்கும். இங்கே உள்ளேயும் ‘கைது’ இருப்பதால் அந்தக் கவலை குறைவு.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கத்தரித்த துண்டு போதாது. அந்த நாள் இதழை முழுதாக இரண்டு மூன்று பிரதி வாங்கி வையுங்கள். பழைய இதழ் பத்திரிகை அலுவலகத்திலேயே கேட்டால் கிடைக்கும். ஆசிரியர், வெளியீட்டாளர், அச்சிட்ட இடம் ஆகியவை பொறித்த வரி பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும். கடிதம் அந்தப் பெயருக்கும் முகவரிக்கும்தான் போக வேண்டும். எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். சென்னைப் பதிப்பில் ஒரு தலைப்பும் பக்கத்து மாவட்டப் பதிப்பில் வேறு தலைப்பும் வருவதுண்டு. டீக்கடை வாசலில் தொங்கும் போஸ்டரில் இந்தச் செய்தி வந்திருந்தால், அதன் புகைப்படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேளுங்கள்; அதுவும் வெளியீடுதான்.

இணையப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வழக்கென்று வந்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) குறிக்கப்பட வேண்டும், ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். ஆகவே எடுத்த கோப்பை வெட்டாமல், வட்டம் போடாமல், வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருக்காமல் மூலமாகவே பென்டிரைவில் வையுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இந்த மாதிரி எழுதலாம்:

‘தங்கள் நாளிதழின் இந்தத் தேதியிட்ட சென்னைப் பதிப்பில், இந்தப் பக்கத்தில், இந்தத் தலைப்பில் வந்த செய்தியில் கீழ்க்கண்ட பிழைகள் உள்ளன. நான் கைது செய்யப்படவில்லை. அன்று விசாரணைக்கு ஆஜராகி மாலையில் திரும்பினேன். புகாரில் உள்ள தொகை ரூ.4.8 லட்சம்; ரூ.48 லட்சம் அல்ல. புகாரின் பேரில் விசாரணை நிலையில் உள்ள விஷயம், தலைப்பில் நிரூபிக்கப்பட்ட குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது. இவற்றுக்கான திருத்தத்தை அதே பக்கத்தில், அதே பதிப்பில், எளிதில் கண்ணில் படும்படி 10 நாளுக்குள் வெளியிடுமாறும், இணையதளத்தில் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்.’

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். ‘அந்தப் பணம் லிப்ட் பழுதுக்குப் போனது, புகார்தாரருக்கு என் மேல் பகை’ என்று தொடங்கிவிடாதீர்கள். புகார் இன்னும் முடியவில்லை. அண்ணன் கையெழுத்திட்டு வெளியே அனுப்பும் ஒவ்வொரு வரியும் நாளை அவருக்கு எதிராகவே காட்டப்படலாம். பத்திரிகையிடம் நீங்கள் கேட்பது அவர் நிரபராதி என்ற சான்றிதழை அல்ல, நடந்ததை நடந்தபடி போடச் சொல்கிறீர்கள். அவர்களால் மறுக்க முடியாத கோரிக்கையும் இதுதான்.

இணையத்தில் ‘திருத்துங்கள்’ என்று பொதுவாகச் சொன்னால், உள்ளே ஒரு சொல்லை மாற்றிவிட்டு விட்டுவிடுவார்கள். ‘கைது’ என்ற சொல் பக்கத் தலைப்பில், முகவரி வரியில், வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் சிறு அட்டையில், யூடியூப் வீடியோ இருந்தால் அதன் முகப்புப் படத்தில் என்று பல இடங்களில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சத்தமில்லாமல் மாற்றுவதைவிட, இன்ன தேதியில் இன்ன பிழை திருத்தப்பட்டது என்ற குறிப்போடு மாற்றுவதே உங்களுக்கு நல்லது; அலுவலகத்தில் காட்ட அதுதான் தாள். மாற்றிய பிறகும் கூகுள் தேடலில் பழைய வரி தெரிந்தால், காலாவதியான தேடல் முடிவைப் புதுப்பிக்கக் கோரும் கூகுளின் பக்கத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டிலும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பிரஸ் கவுன்சில் என்ன செய்யும்

லைசென்ஸ் ரத்து நடக்காது. இந்தியாவில் நாளிதழ் நடத்த லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது, பதிவுதான் உண்டு. 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய பதிவுச் சட்டத்திலும் ஒரு தவறான தலைப்புக்காகப் பதிவை ரத்து செய்ய வழியில்லை. 1978-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பிரஸ் கவுன்சில், பத்திரிகையை எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதமோ இழப்பீடோ விதிக்க முடியாது. அதனால் வீண் என்று நினைக்காதீர்கள். கவுன்சிலிலிருந்து நோட்டீஸ் வந்தால் ஆசிரியர் கையெழுத்திட்டுப் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டத்தில் திருத்தம் போட்டு முடித்துக்கொள்வதையே பல பத்திரிகைகள் விரும்பும்.

புகாரோடு செய்தியின் மூலம் அல்லது கையொப்பமிட்ட நகல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஆசிரியருக்கு எழுதிய கடிதம், பதில் வந்திருந்தால் அது, இந்த விஷயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைக் கவுன்சில் விசாரிக்காது. அவசரப்பட்டு இப்போதே வழக்குப் போட்டால், கவுன்சில் கதவை நீங்களே சாத்திவிடுகிறீர்கள்.

வழக்கு, அந்த ஒரு கோடி

இழப்பீடு கேட்கும் சிவில் வழக்குக்குச் செய்தி வந்த நாளிலிருந்து ஓராண்டு கெடு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஒரு கோடி கேட்டால் மூன்று லட்ச ரூபாயை முதலிலேயே கட்ட வேண்டும், பிறகு வக்கீல் கட்டணம். பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம். பெரிய தொகை கேட்டால் பெரிய தீர்ப்பு வரும் என்பதில்லை. சம்பளம் நின்றது, வேலை போனது என்று காட்டக்கூடிய நஷ்டத்தை வைத்துக் கேட்பதே அறிவு. செய்தியை உடனே எடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வாங்குவதும் எளிதல்ல. வழக்கு விசாரணைக்கு முன்பே செய்திகளைத் தடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

கிரிமினல் அவதூறு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனை. போலீசில் புகார் கொடுத்தால் எஃப்ஐஆர் போட மாட்டார்கள். அண்ணன் நேராக மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. புதிய நடைமுறைச் சட்டத்தில், வழக்கை ஏற்கும் முன்பே எதிர்த்தரப்புக்கும் பேச வாய்ப்பு தர வேண்டும் என்பதால் ஆரம்பமே மெல்லத்தான் நகரும்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று இருக்கிறது. பத்திரிகைத் தரப்பு, ‘சாரம் உண்மைதான்’ என்று வாதிடும். அதற்காகச் சங்கக் கணக்குகள் முழுவதையும் நீதிமன்றத்துக்கு இழுக்கும். அண்ணனின் ரசீதுகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றனவா? ஒன்றிரண்டு வவுச்சர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கு இல்லாதது திருட்டு அல்ல, ஆனால் குறுக்கு விசாரணையில் அது பல மணி நேரம் பேசப்படும். காவல் நிலையப் புகார் ஒரு முடிவுக்கு வந்த பிறகு இதைத் தீர்மானியுங்கள். ஓராண்டுக் கெடுவை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். புகார் கொடுத்த வீட்டுக்காரர் மேல் அவதூறு வழக்கு வேண்டாம். உரிய அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு விலக்கு உண்டு.

அம்மா சொல்கிறபடி விட்டுவிடலாமா என்றால், வழக்கை விட்டுவிடுவது நியாயமான முடிவாகவே இருக்கலாம். திருத்தத்தை விட்டுவிடக் கூடாது. வேலை மாறும்போதும், வங்கிக் கடன் கேட்கும்போதும் பெயரைத் தேடிப் பார்ப்பார்கள். திருத்தம் கேட்டால் போலீசார் கோபப்படுவார்கள் என்ற பயமும் வேண்டாம். ‘கைது செய்யவில்லை’ என்பது அவர்களுடைய பதிவேட்டோடும் ஒத்துப்போகிற வாக்கியம்; அதனால் நிலையத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அலுவலகத்துக்கு வாய்வழி விளக்கம் வேண்டாம். சிஎஸ்ஆர் நகல், ஆசிரியருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இரண்டையும் இணைத்து நான்கு வரியில் எழுதிக் கொடுக்கட்டும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களோடு நீங்களோ அவரோ சண்டை போட வேண்டாம். திருத்தம் வந்த அன்று அதை மட்டும் போடுங்கள். எஃப்ஐஆர் வரக்கூடும் என்று தோன்றினால், கடிதத்துக்குப் பதில் வரக் காத்திராமல் முன்ஜாமீன் பற்றி ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள். புகார் முடித்துவைக்கப்பட்டால், அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கி, அதே ஆசிரியருக்கு இரண்டாவது கடிதமாக அனுப்பி, முடிவையும் செய்தியாக வெளியிடக் கேளுங்கள்.